கண்ணின் சான்றும் கலத்தின் சான்றும்

சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை எனக் குறிக்கும் சொரியாசிஸ் நோய் மருந்தினாற் குறைந்ததா என்பதற்குச் சான்று எது? கண்ணே என்பது நெடுங்கால வழக்கு. 1978 இல் பிரெடரிக்சன், பெற்றர்சன் என்னும் இருவர் அவ்வழக்கிற்கு எண்வடிவம் அளித்தனர். படையின் சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றை நோக்கி 0 முதல் 72 வரை புள்ளியிடும் அம்முறையே மருந்தாய்வுகளில் இன்றும் ஆட்சி செலுத்துகின்றது.

இவ்வளவுகோல் எல்லாத் தோலுக்கும் ஒத்ததன்று. வெண்தோலிற் செக்கச் சிவந்து தோன்றும் அழற்சி, மாத்தளை மாவட்டத்துக் கலேவெலவில் வயல்வேலை செய்யும் ஒருவரின் கருந்தோலில் ஊதாவாகவோ சாம்பலாகவோ தோன்றலாம். சிவப்பைத் தேடும் கண் அங்கே நோயைக் குறைத்து மதிப்பிடும். செதிலோ இன்னும் ஏமாற்றும். எந்த எண்ணெயைப் பூசினும் அது நெகிழ்ந்து உதிரும், புள்ளியும் இறங்கும். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலிலிட்டு எடுக்கும் தைலம் தமிழ்நாட்டிற் பெயர்பெற்றது. அத்தகைய மருந்தின் ஆற்றலை நிறுவ முயல்வார்க்கு இஃது ஒரு பொறி. நோய் அடங்கியதா, செதில் மட்டும் நெகிழ்ந்ததா எனக் கண் பிரித்துரைக்க மாட்டாது.

கலம் உரைக்கும். மேற்றோலின் அடியிற் பிறக்கும் கலம் மேலேறி உதிர ஏறத்தாழ நான்கு வாரம் செல்லும்; சொரியாசிசில் அப்பயணம் சில நாள்களிலேயே முடிந்துவிடுகின்றது. 1965 இல் வைன்ஸ்டைன், வான் ஸ்கொட் ஆகியோர் கதிரியக்கத் தைமிடினைக் கொண்டு இவ்விரைவை அளந்து காட்டினர். இன்று அத்துணை இடர்ப்பாடு வேண்டா. சில மில்லிமீற்றர் அகலமுள்ள தோற்றுண்டைப் போமலினில் இட்டு, மெழுகிற் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றினால், பிரிவுறும் கலங்களிற் காணும் கீ-67 புரதம், நோயுற்ற மேற்றோலில் மிகும் கெரற்றின் 16, உட்புகுந்த ரீ-கலங்கள் யாவும் நுணுக்குக்காட்டியிற் புலனாகும். கலேவெல போன்ற ஊரார்க்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: ஆய்வுகூடம் எத்தொலைவில் இருப்பினும் பயணஞ் செய்வது துண்டேயன்றி நோயாளியல்லர்.

ஆயினும், கலத்தின் சான்றையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வாரின் வாதமும் முழுமையுடையதன்று. அளப்பதற்கு வெட்ட வேண்டும். காயம்பட்ட இடத்திலேயே சொரியாசிஸ் முளைக்கக்கூடும் எனக் கோப்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். அளக்கும் செயலே நோயை வளர்ப்பதும் நேரலாம். மேலும், ஒரு துண்டு ஒரு படையைப் பற்றியே பேசும். முழங்காலில் எடுத்தது முதுகை அறியாது. நோயாளியின் அரிப்பும் நாணமும் எந்தச் சாயத்திலும் தெரியமாட்டா.

கலவாய்வின் உண்மையான பெறுமதி வேறோரிடத்தில் உளது. தோல் தெளிந்த பின்னும் நினைவுடைய ரீ-கலங்கள் அவ்விடத்தே தங்குகின்றன. மருந்தை நிறுத்தியதும் படை பழைய இடத்திலேயே மீள்வதற்கு அவையே பெருங்காரணம் எனக் கருதப்படுகின்றது. ஈரலைத் தாக்கவல்ல மெதோத்திரெக்சேற்றை உண்பவர்க்கு, அதனை எப்போது நிறுத்தலாம் என்பதே பெருவினா. எத்தனை கலம் எஞ்சினால் அச்சமில்லை என்ற எல்லையெண் இன்னும் வகுக்கப்படவில்லை. அஃது வரும்வரை, மருத்துவர் நோயாளியைச் சாளரத்தண்டை நிறுத்தி, பகலொளியிற் பார்த்தும் விரலால் தடவியுமே முடிவுசெய்கின்றார்.