கோத்ருடில் இரவாகும்போது

புனேயின் கோத்ருட் பகுதியில் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி உருவாக்கியது. 1998 ஏப்ரலில் திறந்தது. ரயிலைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கோ, கூடத்து விளக்கை அணைத்ததும் ரயிலைச் சுற்றி அமைத்திருக்கும் குட்டி ஊரின் விளக்குகள் எரிவதுதான் காட்சி.

வீட்டில் 1:18 மாடல் காருக்கு விளக்கு வைப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு மில்லிமீட்டர் நீள எல்இடியில், தலைமுடி மாதிரியான எனாமல் செம்புக் கம்பியைப் பற்றவைக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் கருகிவிடும். அதையும் சமாளித்துவிடலாம். ஒளி கசிவதுதான் பெரிய தொல்லை. ஹெட்லைட்டோடு பம்பர், பானெட் இடுக்கு எல்லாம் சேர்ந்து மினுங்கும். கார் மானம் போய்விடும். உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு கொடுத்தால்தான் வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

இன்னொன்று, நிறம். பழைய அம்பாசிடருக்கு நீலம் கலந்த வெள்ளை ஆகவே ஆகாது. கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள்.