'யா புனய்ய': ஒரு விளிச்சொல்லும் நம் மொழிபெயர்ப்புகளும்

அரபு மத்ரஸாக்களில் ஸர்ஃபு பயிலும் மாணவருக்குத் 'தஸ்கீர்' எனும் குறுமை வடிவப் பாடம் எளிதாகவே முடிந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லின் முதலெழுத்துக்கு உகரம், இரண்டாம் எழுத்துக்கு அகரம், அதனை அடுத்து ஒரு யகர ஒற்று. 'ஃபல்ஸ்' ஃபுலைஸ் ஆகும். 'திர்ஹம்' துரைஹிம் ஆகும். 'தீனார்' துனைனீர் ஆகும். சிறுமை, குறைவு, இழிவு, அண்மை, அன்பு என அதன் பொருள்களை ஒப்புவித்துவிட்டால் பாடம் நிறைவுறும். ஆயின் ஒரு வாசகத்தில் இவற்றுள் எது பொருந்தும் என்பதை வாய்பாடு சொல்லாது. பேசுவோரும் கேட்போரும் இடமுமே சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பாளர் இடறுவது இங்கேதான்.

திருக்குர்ஆனில் 'இப்னு' என்பதன் குறுமை வடிவம் 'யா புனய்ய' என்ற விளியாக ஆறு இடங்களில் வருகிறது. ஆறிலும் தந்தை மகனை அழைக்கிறார். லுக்மான் அறிவுரை கூறும் மூன்று இடங்கள் (31:13, 16, 17) யாவரும் அறிந்தவை. கனவில் கண்ட பலியை இப்ராஹீம் (அலை) மகனிடமே சொல்லத் தொடங்கும்போது வரும் முதற்சொல்லும் இதுவே (37:102). ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது ஹூத் அத்தியாயத்தின் 42ஆம் வசனமாகும். நூஹ் (அலை) அவர்களின் மகன் சிறுவனல்லன், மலையேறித் தப்பிப்பேன் என்று எதிர்மொழி கூறுபவன், நிராகரிப்போரோடு நின்றவன். மலைபோன்ற அலைகளுக்கிடையே அவனை அழைக்கும்போதும் தந்தையின் நாவில் வருவது அன்பின் வடிவம்தான். அதனை வெறும் 'மகனே' என்று பெயர்த்தால் எச்சரிக்கை மட்டுமே எஞ்சும், தந்தை மறைந்துவிடுவார்.

தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இதற்கு 'என் அருமை மகனே' என்று காண்கிறோம். நல்ல தேர்வென்றே கருதுகிறோம். 'சின்ன மகனே' என்றால் இளைய மகனென்று பொருள்படும். 'செல்ல மகனே' என்பது மழலையரிடம் பேசுவது போலாகும். மேடைதோறும் 'அருமைச் சகோதரர்களே' என்று முழங்கி அச்சொல்லை நாம் தேய்த்துவிட்டோம் என்பது வேறு செய்தி.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. யூசுஃப் அத்தியாயத்தில் யஃகூப் (அலை) கனவுகண்ட மகனைத் தனியே அழைக்கும்போது 'யா புனய்ய' என்கிறார் (12:5). மற்ற மக்களை ஒருசேர அழைக்கும்போது (12:67, 87) 'யா பனிய்ய' என்கிறார். பின்னது குறுமை வடிவமன்று. 'என் மக்களே' என்னும் இயல்பான பன்மை. இங்கும் 'அருமை'யைச் சேர்த்துவிட்டால், மூலம் காட்டும் வேறுபாடு தமிழில் அழிந்துபோகும்.

நபிமொழிகளில் இவ்வடிவம் இருதிசையிலும் செல்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பியை 'அபூ உமைர்' என்றழைத்து, அவன் வளர்த்த பறவையை 'நுகைர்' என்று குறித்து நபிகள் நாயகம் (ஸல்) விளையாட்டாக நலம் விசாரித்தார்கள். அங்கே சிறுமையும் அன்பும் ஒன்றே. பொதுக் காரியங்களில் வாய்திறக்கும் அற்பனை 'ருவைபிளா' என்றபோதோ அதே வடிவம் இகழ்ச்சியாயிற்று.

ஹுசைன், உபைத், ஜுனைத், ஸுஹைல் என நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள் பலவும் இவ்வடிவினவே. குழந்தைப் பெயர் நூல்கள் ஹுசைனுக்குச் 'சிறிய அழகர்' என்றும் உபைதுக்குச் 'சிறு அடிமை' என்றும் பொருள் எழுதுகின்றன. வாய்பாட்டின்படி பிழையில்லை. ஹஸனுக்குப் பின் பிறந்த பேரருக்கு ஹுசைன் என்று பெயர் சூட்டிய பாட்டனாரின் குரல்தான் அந்தப் பொருளுரையில் கேட்கவில்லை.