மாதவியின் கடிதம் யாருக்குப் போனது?

கானல்வரியை நடத்தி முடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளிடமிருந்து ஒரே தீர்வுதான் வரும்: "ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசியிருந்தா சரியாயிருக்கும் மேடம்." நானும் தலையாட்டியிருக்கிறேன். இளங்கோ ஊழ்வினை என்றார். நாம் புரிதலின்மை என்கிறோம். இரண்டுமே கோவலனைத் தப்பவிடுகின்றன.

கடற்கரையில் மாதவி யாழைச் சுருதி கூட்டி அவன் கையில் தருகிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான். பிறகு நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தியிடம் மனம் இழந்தவனாகப் பாடுகிறான். வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறானோ என்று அவளுக்குத் தைக்கிறது. யாழை வாங்கி, தன் மனத்திலும் ஒருவன் இருப்பதுபோலப் பாடுகிறாள். அது பாவனை என்பதைக் காப்பியமே சொல்லிவிடுகிறது. ஐயம் இருவருக்கும்தான் வந்தது. அவளுடைய ஐயம் எதிர்ப்பாட்டானது. அவனுடையது தீர்ப்பானது. ஏவலர் சூழ அவன் எழுந்து போய்விட, அவள் தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள்.

பாட்டுக்குப் பாட்டு சரியாகப் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் அவன் பாடினால் அது கற்பனை. கணிகையர் குலத்தில் பிறந்தவள் பாடினால் அது வாக்குமூலம்.

பேசவில்லை என்று அவளைக் குறை சொல்லவும் முடியாது. வேனிற்காதையில் தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதி, வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். கூடவே, தன்னோடு வாழ்ந்தபோது அவள் காட்டிய அன்பு, ஊடல், பிரிவில் மயங்கி விழுந்தது என எல்லாவற்றையும் எட்டு வகை வரிக்கூத்தாகப் பட்டியலிடுகிறான். ஆடல் மகள்தானே, அவளுக்கு இதெல்லாம் பொருந்தும் என்கிறான். இனி அவள் எதைச் சொன்னாலும் அது ஒன்பதாவது கூத்தாகத்தானே இருக்கும்? மனம்விட்டுப் பேசு என்று யாரிடம் சொல்கிறோம் நாம்?

(கண்ணகியிடம் வந்து தன் நிலைக்கு நாணுவதாக அவன் சொல்ல, மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் தவிக்கிறான் என்றெண்ணி அவள் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாளே, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அந்த ரெண்டாவது லெட்டர் கடைசியில யார்கிட்ட போச்சு மேடம்?"

மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் கொண்டுவந்து தரும் கடிதம் அது. மண் இலச்சினையில் அவள் கூந்தலின் நெய் மணம். சட்டென்று பிரிக்கவும் மனமில்லாமல் கையிலேயே வைத்திருக்கிறான். பிறகு படிக்கிறான். தன் பிழை என்னவென்றே தெரியவில்லை, பொறுத்தருள வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். பிழை அவளுடையதல்ல, தன்னுடையது என்று அவனுக்கு விளங்கிவிடுகிறது. எந்தப் புரிதல் இல்லாமல் உறவு உடைந்தது என்கிறோமோ, அந்தப் புரிதல் இதோ வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவன் செய்தது என்ன? அந்த வாசகம் தன் பெற்றோருக்கு எழுதவும் பொருந்துகிறது என்று கண்டு, அதே ஓலையை அவர்களிடம் காட்டும்படி கோசிகனை அனுப்பிவிடுகிறான். மாதவிக்கென்று ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. அவளுடைய மன்னிப்பு, அவனுடைய மன்னிப்பாக வேறொரு வீட்டுக்குப் போகிறது.

"அவனோட அப்பா அம்மாகிட்ட" என்றேன்.

"அப்ப அவளுக்கு?"

இருபது ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் பாடப் பிரதியில் அந்த இடத்தின் ஓரத்தில் பென்சிலால் 'நயம்' என்று குறித்திருக்கிறது. என் கையெழுத்துதான்.