புறத்துள் அகம்: 'இன் விச் வீ சர்வ்' திரைப்படமும் அதன் இல்லப் பதிப்பும்

தோற்றுவாய்

போர் குறித்து எழும் படைப்புகள் இருவகைப்படும். போர் முடிந்தவுடன் தம் பணியும் முடியப்பெறுவன ஒருவகை; போர் முடிந்து நெடுநாள் சென்றபின்னரே தம் உள்ளுறையைக் காட்டுவன மற்றொருவகை. 1942ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தே, இங்கிலாந்தில் எடுக்கப்பெற்ற 'இன் விச் வீ சர்வ்' என்னும் கருப்பு வெள்ளைத் திரைப்படம் இவற்றுள் எவ்வகையின்பாற் படும்? தம் நாட்டு மக்களின் ஊக்கம் தளராமற் காத்தலே அதன் நோக்கம் என்பதை அதனை ஆக்கியோர் மறைத்திலர். அவ்வூக்கம் வேண்டப்பட்ட காலம் கடந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இன்று அப்படம் செப்பம் செய்யப்பெற்றுக் குறுவட்டாக வெளிவந்து, வீட்டில் இருந்தவாறே காணும் பொருளாகிவிட்டது. அரங்கில் பலர் கூடிக் கண்டதனை அறையில் ஒருவர் தனித்துக் காணுங்கால் அதன் பொருள் வேறுபடுகின்றதா? வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டில் பதிப்பித்தவர்க்கு உள்ள பங்கு யாது? இவ்விரு வினாக்களே ஈண்டு ஆராயப்படும்.

கதையும் வரலாறும்

படத்தின் தலைமைப் பொருள் ஒரு கப்பல். 'டாரின்' என்னும் அந்நாசகாரிக் கப்பல் கட்டப்படுவதும், நீரில் இறக்கப்படுவதும், கடலேறுவதும் தொடக்கத்திற் காட்டப்படுகின்றன. பின்னர்க் கிரீட் தீவினருகே பகைவர் விமானங்களின் குண்டுவீச்சால் அது கவிழ்கின்றது. உயிர் தப்பியோர் சிலர் எண்ணெய் படர்ந்த கடலில் ஒரு மிதவையைப் பற்றிக்கொண்டு மிதக்கின்றனர். அவருள் கப்பல் தலைவன் கின்ராஸ், இடைநிலை அலுவலன் ஹார்டி, எளிய கடற்படை வீரன் பிளேக் ஆகிய மூவரின் நினைவுகளே கதையாக விரிகின்றன. நினைவு ஒவ்வொன்றும் வீட்டிற்குச் செல்கின்றது. பின்னர் மிதவைக்கே மீள்கின்றது.

இக்கதைக்கு மெய்ந்நிகழ்ச்சி ஒன்று அடிப்படையாகும். 1941 மே 23ஆம் நாள் 'கெல்லி' என்னும் கப்பல் கிரீட் அருகே மூழ்கடிக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் மௌண்ட்பேட்டன். 1947இல் இந்தியாவின் இறுதி அரசப் பிரதிநிதியாக வந்தவரும் அவரே. அவருடைய நண்பரும் நாடக ஆசிரியருமாகிய நோயல் கவர்ட் அந்நிகழ்ச்சியைக் கதையாக்கினார். தம் நாட்டுக் கப்பல் மூழ்குவதைக் காட்டும் படம் ஊக்கத்தை வளர்க்குமா, கெடுக்குமா என்று அரசின் தகவல் அமைச்சகத்தார் ஐயுற்றனர். அவ்வையம் பொருளற்றதன்று. இப்படத்துள் புகழ்ச்சியும் இரங்கலும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன என்பதை முதற்கண் உணர்ந்தவர்கள், அதனைத் தடுக்க எண்ணிய அவ்வலுவலரே எனலாம்.

பதிப்பின் இயல்பு

இப்படத்தின் இயக்குநருள் ஒருவராகிய டேவிட் லீன் பிறந்த நூற்றாண்டு 2008இல் நிறைவுற்றது. அதனையொட்டிப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் தேசிய ஆவணக் காப்பகம் அவருடைய தொடக்ககாலப் படங்களைச் செப்பம் செய்தது. அச்செப்பப் படிகளினின்று எடுத்த உயர்தெளிவுப் படிவங்களைக் கொண்டு, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2012 மார்ச்சு மாதம் நான்கு படங்கள் அடங்கிய தொகுதியொன்றை டிவிடி, புளூ-ரே ஆகிய இருவடிவிலும் வெளியிட்டது. 'இன் விச் வீ சர்வ்' அத்தொகுதியின் முதற்படம்.

சுவடி ஆராய்ச்சியிற் பழகிய நமக்கு இம்முயற்சி அயலானதன்று. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்போன் எழுத்தை விளக்கலாம், எழுத்தைத் திருத்தலாகாது. தெளிவு கூடியதால் இப்படத்தின் ஒட்டுகளும் தெளிவாகப் புலப்படுகின்றன. மெய்யான செய்திப்படத் துணுக்குகளின் கரடுமுரடான ஒளியும், படப்பிடிப்பு நிலையத் தொட்டியில் எடுத்த மிதவைக் காட்சிகளின் சீரான ஒளியும் வேறுவேறாகத் தெரிகின்றன. ஒளிப்பதிவாளர் ரொனால்ட் நீம் இவ்விரண்டையும் இணைக்க முயன்ற அருமையும் அதனாலேயே தெரிகின்றது. இவ்வேறுபாட்டை மழுப்பாது விட்டமை பதிப்பின் நேர்மைக்குச் சான்று. மூலபாடம் என்னும் அளவில் இப்பதிப்பு குறையுடையதன்று.

ஆசிரியர் யார்?

தொகுதிக்கு இட்ட பெயரில்தான் முதல் இடர்ப்பாடு எழுகின்றது. 'நோயல் கவர்டை இயக்கிய டேவிட் லீன்' என்னும் பொருள்பட அத்தொகுதி பெயர் பெற்றுள்ளது. படத்தின் முகப்பெழுத்துகளோ வேறு கூறுகின்றன. தயாரித்தவர், கதை எழுதியவர், இசையமைத்தவர், கின்ராசாக நடித்தவர் ஆகிய நால்வரும் கவர்ட் ஒருவரே. இயக்கம் மட்டும் கவர்ட், லீன் இருவர்பெயராலும் உள்ளது. 1943இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வழங்கிய சிறப்புப் பாராட்டும் கவர்டுக்கே உரியதாயிற்று. அதுகாறும் படத்தொகுப்பாளராக விளங்கிய லீன் இயக்குநர் எனப் பெயர்பெற்றது இப்படத்திற்றான்.

பின்னாளில் லீன் 1957இல் குவாய் ஆற்றுப் பாலம் பற்றியும், 1962இல் அரேபியாவின் லாரன்சு பற்றியும் படங்கள் எடுத்துப் பெரும்புகழ் எய்தினார். அப்பின்னைப் புகழ் முன்னைப் படைப்பின் முகப்பைத் திருத்திவிட்டது. பாடினோர், தொகுத்தோர், தொகுப்பித்தோர் என மூவரையும் வேறுபிரித்துச் சொல்லும் மரபு நம் தொகைநூல்களில் உண்டு. ஐங்குறுநூற்றைப் பாடினோர் ஐவர். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒருவர் புகழ் மற்றொருவர் பணியை விழுங்காதவாறு வகுக்கப்பெற்ற முறை அது. அம்முறை இத்தொகுதியின் தலைப்பிற் பேணப்படவில்லை. லீனின் பங்கு சிறிது என்பது எம் கருத்தன்று. மிதவையினின்று வீட்டிற்கும், வீட்டினின்று மிதவைக்கும் காட்சிகள் செல்லும் செப்பமான நடையில் தேர்ந்த படத்தொகுப்பாளரின் கையைக் காண்கின்றோம். ஆயினும் கூட்டுப் படைப்பைக் கூட்டுப் படைப்பு என்றே வழங்குதல் பதிப்பறமாகும்.

தொகையின் பயன்

பெயரிற் குறையுடைய அத்தொகுதி, வைப்புமுறையிற் பெரும்பயன் விளைத்துள்ளது. இப்படத்தோடு உடன்வைக்கப்பெற்றவை மூன்று: 1944இல் வந்த 'திஸ் ஹேப்பி பிரீட்', 1945இல் வந்த 'பிளைத் ஸ்பிரிட்', 'பிரீஃப் என்கவுண்டர்' என்பன. மூன்றும் கவர்டின் நாடகங்களினின்று பிறந்தவை; மூன்றும் இல்லறம் பற்றியவை. போர்ப்படம் பிற போர்ப்படங்களோடு வைக்கப்பட்டிருப்பின் நாம் பீரங்கியையும் குண்டையுமே ஒப்பிட்டிருப்போம். இல்லப் படங்களோடு வைக்கப்பட்டமையால் அதன் இல்லக் கூறுகள் எழுந்து நிற்கின்றன.

இரண்டு சான்றுகள் காட்டுவாம். 'திஸ் ஹேப்பி பிரீட்' இலண்டன் குடும்பம் ஒன்றன் இருபதாண்டுக் கதை. வெறுமையான வீட்டில் குடும்பம் குடிபுகுவதில் அது தொடங்குகின்றது. வீடு மீண்டும் வெறுமையாவதில் முடிகின்றது. 'டாரின்' கப்பலின் கதையும் இவ்வமைப்பினதே. கட்டப்பெறுதலில் தொடங்கிக் கவிழ்தலில் முடியும் அக்கப்பல், மாந்தர் குடியிருந்து நீங்கிய வீடாகவே காட்டப்பட்டுள்ளது. இனி, 'பிரீஃப் என்கவுண்டரில்' லாரா என்னும் தலைவி தன் வீட்டில் கணவனெதிரே அமர்ந்து, சொல்லவியலாத ஒன்றைத் தன்னுள் நினைந்து செல்கின்றாள். அவள் வீட்டிலிருந்து வெளியை நினைக்கின்றாள். மிதவையிலுள்ளோர் வெளியிலிருந்து வீட்டை நினைக்கின்றனர். நினைவின் போக்கு மாறினும் அமைப்பு ஒன்றே. லாராவாக நடித்த சீலியா ஜான்சனே முதற்படத்திற் கின்ராசின் மனைவியாகவும் வருகின்றார் என்பது இவ்வுறவை மேலும் நெருக்குகின்றது.

தும்பையும் நெய்தலும்

அகத்திணை ஒவ்வொன்றற்கும் ஒரு புறத்திணையை இயைத்துக் கூறியவர் தொல்காப்பியர். எதிரெதிர் நின்று பொரும் தும்பையை அவர் நெய்தலின் புறனாக வைத்தார். நெய்தலின் நிலம் கடற்கரை, உரிப்பொருள் இரங்கல். பெரும்போரின் மறுபுறம் கடற்கரையில் இரங்கும் ஒருத்தியின் நெஞ்சம் என்பது அவ்வியைபாற் பெறப்படும். ஆங்கில நாட்டுக் கலைஞர் இவ்விலக்கணத்தை அறிந்திருந்தனர் என்பது எம் கூற்றன்று. படைப்பின் உள்ளமைப்பைக் காண இது தக்க கருவியாகின்றது என்பதே கூற்று.

கிறிஸ்துமஸ் விருந்தொன்றில் கின்ராசின் மனைவி, கப்பற்காரனை மணந்தவள் அக்கப்பலையே தன் மாற்றாளாக ஏற்றாகவேண்டும் என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். முறுவலோடு கூறப்படும் அவ்வுரையில் முறுவல் வரவரக் குறைகின்றது. பின்னர் அவளே அக்கப்பலை வாழ்த்துகின்றாள். புகழ்ச்சியின் வாயிலாக இரங்கல் வெளிப்படும் நுட்பத்திற்கு இதனினும் சிறந்த காட்டு இப்படத்தில் இல்லை.

அடுத்து, ஹார்டியின் பகுதி. அவன் கடலிலிருந்து தன் மனைவிக்கு மடல் எழுதிக்கொண்டிருக்கின்றான். பிளேக் தன் மனைவியிடமிருந்து மடல் பெற்றுள்ளான். தனக்கு மகன் பிறந்த செய்தியும், பிளிமத் நகரில் வீழ்ந்த குண்டால் ஹார்டியின் மனைவி இறந்த செய்தியும் அம்மடலில் உள்ளன. பிளேக் அதனைச் சொல்ல, ஹார்டி அழவில்லை. பிறந்த மகவுக்காக மகிழ்ச்சி தெரிவித்து மேற்றளத்திற்குச் செல்கின்றான். தான் எழுதிய மடலைக் கடலில் இடுகின்றான். பழைய மூதின்முல்லைப் பாடல்களில் சாவு போர்க்களத்தில் நிகழும். செய்தி வீட்டிற்கு வரும். மறக்குடி மகளிர் அதனைத் தாங்குவர். ஈண்டுச் சாவு வீட்டில் நிகழ்கின்றது, செய்தி போர்க்களத்திற்குச் செல்கின்றது, தாங்குபவன் வீரன். விமானம் குண்டுவீசத் தொடங்கிய நூற்றாண்டில் களம் எது, இல்லம் எது என்னும் எல்லை அழிந்தமையை நெடிய சொற்பொழிவின்றி ஒரு தாளின் வீழ்ச்சியால் உணர்த்துகின்றது இக்காட்சி. எண்பதாண்டுகட்குப் பின்னும் இப்படத்தை வாழ்விப்பது இதுவே.

பெயர் சுட்டலும் சுட்டாமையும்

அகத்திற்குப் பெயர் சுட்டாமையும் புறத்திற்குப் பெயர் சுட்டலும் நம் மரபு. நெடுநல்வாடையில் வேலின்மேல் வேம்பு கூறப்பட்டமையால் அது பாண்டியனைச் சுட்டிற்று எனக்கொண்டு, அப்பாட்டைப் புறம் என்றாரும் உளர். கெல்லி டாரினாகவும், மௌண்ட்பேட்டன் கின்ராசாகவும் பெயர் மாறியமையால் இப்படம் தனியொருவர் புகழ்மாலையாகாது தப்பிற்று. ஆயினும் வேம்பு இதனுள்ளும் உண்டு. அலெக்சாந்திரியாவில் கின்ராஸ் எஞ்சியோரை விளித்து விடைகொடுக்கும் உரை, மௌண்ட்பேட்டன் தம் வீரர்க்கு நிகழ்த்திய உரையைத் தழுவியது. இன்றைய காண்போர் படத்தினும் முன்பாக அவ்வரலாற்றையே அறிகின்றனர். அறிதல் தவறன்று, கெல்லியின் தலைவரைத் தேடிக்கொண்டே படத்தைக் காண்போர் ஹார்டியைக் காணாது போவர் என்பதே எம் அச்சம்.

குறைகள்

இப்படத்தின் குறைகளையும் நடுநின்று கூறுதல் வேண்டும். பகைவன் ஈண்டு வெறும் விமானமாகவே வருகின்றான். அவனுக்கும் ஒரு வீடுண்டு என்பது யாண்டும் உணர்த்தப்படவில்லை. மாற்றான் பெருமையையும் பாட இடங்கொடுத்த புறப்பாடல்களின் அகலம் இதற்கில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலச்சூழல் இதற்குக் காரணமாகலாம்; காரணம் குறையை விளக்குமேயன்றி நீக்காது. மேலும், தலைவன் பேசப் பிறர் கேட்கும் சமூகப் படிநிலையை இப்படம் வினவாமல் ஏற்கின்றது. துயரத்தை மட்டும் மூன்று வீட்டிற்கும் ஒப்பப் பகிர்ந்தளிக்கின்றது.

எனினும், அப்படிநிலை ஓரிடத்தில் நெகிழ்கின்றது. அச்சத்தால் தன் இடம்விட்டு நீங்கிய இளைஞன் ஒருவனைக் கின்ராஸ் கடுந்தண்டனைக்கு உள்ளாக்கவில்லை. கடமையை அவனுக்கு உணர்த்தாதது தன் பிழையுமாகும் எனத் தானும் அதிற் பங்கேற்கின்றான். அவ்விளைஞனாக நடித்தவர், பின்னாளில் 1982இல் 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ. அவர் நடித்த முதற்படம் இது. பெயர்ப்பட்டியலில் அன்று அவர் பெயர் இடம்பெறவில்லை. அரங்கில் விரைந்து கடந்துபோன அம்முகத்தை இன்று நிறுத்தி நோக்க இயலுகின்றது. வீரரைப் பாடவந்த படத்துள் அஞ்சியவனுக்கும் ஓர் இடம் வைத்தமை ஆக்கியோரின் அறவுணர்வுக்குச் சான்றாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூலத்தைப் பேணியதில் இவ்வில்லப் பதிப்பு செம்மையுடையது என்பதும், ஆசிரியரைச் சுட்டியதில் வழுவுடையது என்பதும், வைப்புமுறையால் படத்தின் அகக்கூற்றை விளக்கியது என்பதும் போதரும். போர்க்கால ஊக்கத்திற்காக எழுந்த புகழ்ச்சி இன்று வரலாற்று ஆவணம். அதன் உள்ளிருந்த இரங்கலோ இன்றும் இலக்கியம். திரைப்படப் பதிப்புகளையும் பாடவேறுபாடு, ஆசிரியர் வரையறை, தொகைமுறை என்னும் அளவைகளால் ஆராய்தல் தமிழாய்வாளர்க்கு உரிய பணியே. அப்பணியை மேற்கொள்வார், போர் குறித்த படைப்பொன்றை எதிர்ப்படுந்தோறும், அது யாரைப் புகழ்கின்றது என்று வினவியதோடு அமையாது, யாருக்காக இரங்குகின்றது என்றும் வினவுதல் வேண்டும். பின்னைய வினாவிற்கு விடையிறுக்க வல்ல படைப்பே போரைக் கடந்து நிற்கும் என்பது எம் துணிபு.