பச்சிலையும் சலம் வைத்த புண்ணும்

ஆடி அமாவாசைக்குத் தச்சநல்லூரிலிருந்து காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் அரிசி, சட்டி, பாயோடு போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது வழக்கம். பாறையில் வழுக்கி முழங்கால் சிராயும், அரிவாள்மனை விரலைப் பதம் பார்க்கும். உடனே யாராவது வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து உள்ளங்கையில் கசக்கிப் பிழிவார்கள். ரத்தம் நிற்கும். "அகத்தியர் மலை மூலிகைன்னா சும்மாவா?" என்று பேச்சும் கிளம்பும்.

அந்தப் பூண்டுக்கும் அகத்தியருக்கும் சம்பந்தமில்லை. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களை; தச்சநல்லூர் ரயில் பாதையோரத்திலும் முளைத்துக் கிடக்கும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்த செடியை நம் ஆட்கள் கசக்கிப் பார்த்து, பலன் கண்டு, பெயரும் சூட்டியிருக்கிறார்கள். நாட்டு வைத்தியம் பழம்பாட்டை ஒப்பிப்பது மட்டுமில்லை, சோதித்தும் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் எதைச் சோதித்தார்கள்? ரத்தம் நிற்கிறதா என்பதை. அது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். புண்ணில் சலம் வைப்பது இரண்டு மூன்று நாள் கழித்து. அதற்குள் ஆற்றுத் தண்ணீர், ஈ, அழுக்குத் துணி எல்லாம் பட்டிருக்கும். எது கெடுத்தது, எது காத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, சின்னக் காயங்களில் பெரும்பாலானவை எதுவும் போடாமலே ஆறும். அந்தப் பெருமையும் இலைக்கே போய்ச் சேரும்.

காட்டுக்குள்ளேயே வாழும் காணிக்காரர்களின் நிலை வேறு. காரையாறு அணைக்கு அப்பால் அவர்கள் வாழும் இஞ்சிக்குழிக்கு முதியோர் பென்ஷன் கொடுக்கவே அஞ்சல் ஊழியர் நெடுந்தூரம் நடந்து போனது 2021-இல் செய்தியானது. அவர்களுக்கு இலை கொள்கையல்ல, கைக்கெட்டிய முதலுதவி. அய்யனார், இக்னாசிமுத்து என்ற இரு ஆய்வாளர்கள் திருநெல்வேலி மலைக் காணி வைத்தியர்கள் பயன்படுத்தும் 90 தாவர இனங்களை 2011-இல் பதிவுசெய்தார்கள். அரிய வேலை. ஆனால் பயன்பாட்டைப் பதிவுசெய்வது ஒன்று, குணமாக்குகிறது என்று நிறுவுவது வேறொன்று. இலைச் சத்தை ஆல்கஹாலில் இறக்கிக் கண்ணாடித் தட்டில் கிருமிமேல் வைத்தால் கிருமி சாகலாம். கையில் கசக்கிய சாறு அந்தச் செறிவில் இருக்காது. கையிலிருக்கும் அழுக்கும் அதோடு சேரும். எலியின் புண் ஆறியது என்பதும் அரைச் சான்றுதான். எலியின் தோல் சுருங்கி மூடிக்கொள்ளும். நம் தோல் அந்த அளவுக்குச் சுருங்காது.

வலுவான ஆதாரம் உள்ளது தேனுக்கு. நீர்ச்சத்துக் குறைவு, புளிப்புத் தன்மை, மெல்ல ஊறும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிய மூன்றும் கிருமியை ஒடுக்குகின்றன. ஆழமில்லாத தீக்காயங்களும், அறுவைக்குப் பின் சீழ்பிடித்த புண்களும் தேனால் விரைவாக ஆறுவதாகக் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வு சொன்னது. மற்றப் புண்களுக்கு உறுதி போதவில்லை என்றும் அதுவே சொன்னது. மருத்துவத் தேனைக் கதிர்வீச்சால் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள். மலைத்தேன் என்று சாலையோரம் விற்கும் சர்க்கரைப் பாகுக்கு அந்த மதிப்பாய்வு பொறுப்பேற்காது.

பல வீடுகளில் இலை கட்டும் முன் புண்ணைக் கழுவி, வேட்டியைக் கிழித்து மூடி, மறுநாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். பாதி வைத்தியம் இதில்தான் இருக்கிறது என்பேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் சோப்பும் எந்த மூலிகைக்கும் குறைந்தவையல்ல. புண்ணைக் கெடுக்காமல் விடுவதே சில நேரம் வைத்தியம். 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை வைத்தியர் அம்புரோஸ் பாரே, குண்டடிப் புண்ணில் ஊற்றக் கொதியெண்ணெய் தீர்ந்துபோக, முட்டையின் மஞ்சள் கருவும் ரோஜா எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலந்து பூசினார். எண்ணெயில் வெந்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். புதிய களிம்பின் பெரிய குணம், அது சுடாமல் இருந்ததுதான்.

தாமதமாக வரும் ஆபத்தில் அனுபவம் அடியோடு கைவிடும். சாணம், சாம்பல், காப்பித்தூள் அப்பும் பழக்கம் இன்னும் சாகவில்லை. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. நோய் தலைகாட்ட மூன்று நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். அதற்குள் காயம் ஆறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. மருந்து பலித்தது என்றே பெயர். குரங்கோ நாயோ கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்கு ஓட வேண்டும். வெறிநோய்க்குப் பச்சிலை கிடையாது. சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலோ காட்டில் இருந்து வேலையில்லை, கீழே இறங்கிவிட வேண்டும்.

எனக்கு மிகுந்த ஆவல் மத்தன் தைலத்தின்மேல். ஊமத்தை இலைச்சாறும் துருசும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த பச்சை நிறத் தைலம். சித்த மருத்துவர்கள் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் போடுவார்கள். துருசு என்பது செம்பு உப்பு, கிருமியைக் கொல்லும். அளவு மிஞ்சினால் புதுத் தசையையும் அரிக்கும். ஊமத்தை நஞ்சு பெரிய புண் வழியே உடம்பில் ஏறுமா என்பதையும் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கால்புண்காரர்களுக்கு இரண்டிலும் பஞ்சமில்லை. பாதிப் பேருக்குத் தைலம், மறு பாதிக்கு வழக்கமான கட்டு, இரு தரப்புக்கும் ஒரே சர்க்கரைக் கட்டுப்பாடு என்று வைத்து, யார் புண் எத்தனை வாரத்தில் மூடுகிறது, யாருக்கு விரல் போகிறது என்று எழுதிவர இரண்டு கல்லூரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.