புகார் வராத ஊர்

2019 பிப்ரவரி வரை பொள்ளாச்சி பாதுகாப்பான ஊர். தென்னந்தோப்பு, வெல்லச் சந்தை, மாட்டுச் சந்தை, சினிமாப் படப்பிடிப்பு. பெண்ணைப் படிக்க அனுப்பலாம், இடம் வாங்கி வீடு கட்டலாம் என்று எவரும் தயங்காமல் சொல்லிவந்த ஊர். அந்த மாதம் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். இளைஞர் கும்பல் ஒன்று பெண்களோடு நட்பாகப் பழகி, தனியிடத்துக்கு அழைத்துச் சென்று, பாலியல் வன்முறை செய்து, அதைக் காணொளியாக எடுத்து மிரட்டிவந்தது அதன் பிறகுதான் வெளியே தெரிந்தது. அது ஒருநாள் கூத்தல்ல. ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் யாராவது பொள்ளாச்சியின் குற்ற அபாயத்தை மதிப்பிட்டிருந்தால் நல்ல மதிப்பெண்தான் போட்டிருப்பார்.

நகரங்களைத் தரவரிசைப்படுத்தும் அறிக்கைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களில் போய் நிற்கின்றன. காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளை. நடந்த குற்றங்களை அல்ல. வழக்குகள் கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஆனால் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

சிறுநகரங்களின் கதை இன்னும் மோசம். காப்பகம் பெருநகரங்கள் என்று தனியே அட்டவணை போடுவது 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 நகரங்களுக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் அதில் உண்டு. பொள்ளாச்சி போன்ற ஊர் மாவட்டக் கணக்கில் கரைந்துவிடும். தனியே பிரித்தெடுத்தாலும் விகிதம் நம்மை ஏமாற்றும். 2011 கணக்கெடுப்பின்படி அந்த நகராட்சியில் சுமார் 90,000 பேர். பெண்கள் 45,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 வழக்குகள் என்றால் லட்சம் பெண்களுக்கு 44. புகாரை மறுக்காமல் வாங்கும் ஆய்வாளர் ஒருவர் வந்து, கூடுதலாக 10 வழக்குகள் பதிவானால் அது 67 ஆகிவிடும். ஊர் ‘ஆபத்தான’ பட்டியலில் ஏறிவிடும். புகார் கொடுத்தவளை ‘சமாதானமாகப் போ’ என்று திருப்பி அனுப்பும் காவல் நிலையம் உள்ள ஊருக்குப் பரிசு கிடைக்கும்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022இல் இந்தியாவில் பெண்களுக்கு எதிரான குற்ற விகிதம் லட்சத்துக்கு 66.4. தமிழ்நாடு அதற்கு வெகு கீழே இருந்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வீடுவீடாகச் சென்று பெண்களிடமே கேட்டது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். அகில இந்திய அளவு 29 சதவீதம். காவல் நிலையக் கணக்கில் சாதுவாக இருக்கும் மாநிலம் சமையலறைக் கணக்கில் இந்தியாவையே மிஞ்சுகிறது. அபாய மதிப்பீடு செய்கிறவர்கள் எந்தக் கணக்கை எடுக்கிறார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

எண்களை விட்டுத் தெருவைப் பார்க்கும் மதிப்பீடுகளும் உண்டு. 2013இல் தொடங்கிய சேஃப்டிபின் செயலி வெளிச்சம், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, நடமாட்டம், அதில் பெண்கள் எத்தனை பேர், நிற்கிறவளுக்கு என்ன தோன்றுகிறது என்றெல்லாம் கேட்கிறது. இது பெண்ணியவாதிகளிடமிருந்து வந்த முறை. பெண்ணின் உணர்வையும் தரவாக மதித்தது சாதாரண விஷயமல்ல. தெருவிளக்கு எரியாத பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13, பட்டப்பகல், பேருந்து நிலையம் அருகே கடைவீதி, சுற்றிலும் மக்கள், மேலே கண்காணிப்புக் கேமரா. சாதி மாறி மணந்த குற்றத்துக்காக சங்கர் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவிக்கும் வெட்டு. வெளிச்சம், கூட்டம், கேமரா என்று எல்லாக் கட்டத்திலும் அந்தத் தெரு முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். சாதி என்று ஒரு கட்டம் அந்தப் படிவங்களில் இல்லை.

தெருவில் கண்கள் இருந்தால் பாதுகாப்பு என்பது நகரவியலின் பழைய பாடம். நம் சிறுநகரத்தின் கண்கள் வேறு வேலை பார்க்கின்றன. யார் மகள், எந்தப் பையனோடு பேசினாள், எந்தப் பேருந்தில் இறங்கினாள் என்று மளிகைக் கடையிலிருந்து ஆட்டோ நிறுத்தம் வரை குறித்துக்கொள்ளும் கண்கள் அவை. ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்ற மிரட்டல் பலிப்பது அந்தக் கண்கள் இருப்பதால்தான். பொள்ளாச்சிக் கும்பலின் ஆயுதம் காணொளி என்று எல்லோரும் எழுதினார்கள். அந்தக் காணொளிக்குக் கூர் ஏற்றிக் கொடுத்தது ஊரின் ஒழுக்கம்.

புகார் கொடுத்த பெண்ணுக்கு என்ன நடந்தது? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர் சந்திப்பில் அவர் பெயரைச் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. ஓர் ஊரின் அபாயத்தை உண்மையிலேயே அளக்க விரும்புகிறவர் இங்கிருந்து தொடங்கலாம்: புகார் கொடுக்கிற பெண்ணுக்கு அந்த ஊர் என்ன செய்கிறது?

இந்த அறிக்கைகளை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். நான் தங்கிய பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்குக் கதவு பூட்டப்படும். ஊர் பாதுகாப்பானது என்றால், நேரத்தோடு உள்ளே வந்துவிடும் பெண்களால்தான் என்பார் காப்பாளர். ஊர் ஆபத்தானது என்றாலும் பூட்டு அதே ஆறரைக்குத்தான். மும்பையை முன்வைத்து 2011இல் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ நூல், பெண்களுக்குத் தேவை பாதுகாப்பு மட்டுமல்ல, பொதுவெளியில் அபாயத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும்தான் என்று வாதிட்டது. சும்மா நிற்க, வேலையில்லாமல் திரிய. நம் தரவரிசைகளில் பெண் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறாள். டீக்கடை பெஞ்சில் அவளுக்கு இடம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஆறு ஆண்டுகளாகியும் சாட்சிகள் யாரும் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். எட்டுப் பேர். பிடிபட்டவர்களின் கைப்பேசிகளில் இருந்த மற்றப் பெண்கள் அதே ஊர்களில்தான் கல்யாணமாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருப்பார்கள்.