வடம் பிடிக்கும் தசைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை இழுத்தவர்களுக்கு ஓர் உண்மை கைப்பழக்கத்திலேயே தெரியும். வடத்தில் எத்தனை பேர் நின்றாலும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ‘கோவிந்தா’ என்ற குரலுக்கு அத்தனை கைகளும் சேர்ந்து இழுக்கும்போதுதான் சக்கரம் உருளும். பளுதூக்குதலை நான் ரசிப்பது இந்தக் கண்ணோடுதான்.

ராஜபாளையத்தில் ஜிம்முக்குப் புதிதாகப் போகிற பையன், சில வாரங்களிலேயே முன்னைவிட அதிக எடை தூக்கிவிடுவான். கை மட்டும் பருத்திருக்காது. கண்ணாடி முன் நின்று வருந்துவான். வருந்த வேண்டியதில்லை. சும்மா நின்ற தசை நார்களையும் நரம்பு இப்போது வடத்துக்கு அழைத்துவிட்டது, சேர்ந்திழுக்கப் பழக்கிவிட்டது. நார்கள் தடிக்க மாதங்கள் ஆகும்.

பருமனும் வேண்டும். தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு கூடக் கூட இழுவிசையும் கூடும். போட்டிகளில் எடைப் பிரிவுகள் வைத்திருப்பதே அதனால்தான். ஆனால் ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் வெல்கிறாரே, அந்த இடத்தில்தான் கலை தொடங்குகிறது.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். ஸ்னாட்ச்சின் அழகைக் கவனியுங்கள். கால் தரையை உதைக்கிறது, இடுப்பு நிமிர்கிறது, தோள் உயர்கிறது. கம்பி மேலேறும் கணத்தில் உடல் அதனடியில் புகுந்து குந்திவிடுகிறது. பார்ப்பவருக்குக் கை தூக்குவதுபோலத் தெரியும். கை அங்கே வடம். இழுப்பவை காலும் இடுப்பும்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நின்ற துருக்கியின் நயீம் சுலைமானோலு, 190 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்!

பருமன் மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்பதையே நம் தென்மாவட்டத்து இளைஞர்கள் தூக்கிப் பலம் காட்டும் இளவட்டக்கல்லும் சொல்கிறது. உருண்டு வழுவழுப்பான கல். பிடிக்க விளிம்பே கிடையாது. குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நிலையில் முறை தப்பினாலும், எவ்வளவு திரண்ட புஜத்திலிருந்தும் கல் நழுவிவிடும்.

ஆணழகன் மேடையில் புஜத்தை ரசியுங்கள். அதுவும் வருடக்கணக்கான உழைப்பு. பளுதூக்கும் மேடையில், எடை தரையை விட்டு எழும் நொடியில் காலையும் இடுப்பையும் பாருங்கள். பலம் அங்கேதான் தெரியும்.